சந்தானம் சாரின் விரத நாட்கள்

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சந்தானம் சார் போயிட்டாருங்க." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். பிழைத்து வந்த மனிதரய்யா அவர்!

அவரோடு இயற்பியல் துறையில் இருந்த உங்களுக்கு நினைவிருக்கும். போன வருஷம் விடைத்தாள் திருத்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வலி முதுகுக்குப் பாய்ந்தது. வாயு என்று நாம் சோடா வாங்க ஆள் அனுப்பினோம். துணை முதல்வர் அம்மாதான் சத்தம் போட்டு, காரில் ஏற்றி, தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது. கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு. உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி, அன்றே அறுத்துத் தைத்தார்கள்.

"எமன்கிட்ட அரியர் வச்சுட்டேன்யா" என்று சிரித்தபடி திரும்பி வந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். "கிழிசலத்தான் சரி பண்ணியிருக்கோம். மிச்சக் குழாய் பழைய குழாய்தான். பிரஷர் ஏறக் கூடாது. மாத்திரைய ஒரு வேளை கூட விடாதீங்க. இது குடும்பத்துல வரலாம், உங்க பையனுக்கும் பிரஷர் பாத்துடுங்க."

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அதோடு, பிழைக்க வைத்த சாமிக்குக் கிருத்திகைதோறும் விரதம் என்று வேண்டிக்கொண்டார். ஒருநாள் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன்.

"விரதம்யா. பச்சத் தண்ணி கூடப் பல்லுல படக் கூடாது. நாளைக்குப் போட்டுக்குறேன்."

"சாமியா சார் மாத்திரைய வேணாம்னுச்சு?"

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

குழாயில் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று காலமெல்லாம் வகுப்பெடுத்தவர்! அவரிடம் யார் வாதாடுவது? கிருத்திகைக்கு மறுநாள் காலையில் போய்விட்டார். மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். என் மனசு கேட்கவில்லை.

காரியத்தன்று அவர் மகன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பிரஷர் உண்டு.

"மாத்திரை போட்டியா தம்பி?"

"காரியம் முடியட்டும் அங்கிள். வெறும் வயித்தோடதான் இருக்கணும்."

துக்க வீடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். மந்திரம் நின்றது. உள்ளேயிருந்து சந்தானத்தின் மனைவி ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக வந்தார்.

"போடுடா. சாமி காரியம்னு உங்கப்பாகிட்ட நான் வாயே திறக்கல. உன்னையும் அப்படி விட முடியாது."

அவன் விழுங்கும்வரை அங்கேயே நின்றார்.

சந்தானத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். அதை ஆறவிடப் போவதில்லை. உங்கள் வீட்டு விரதத்திலும் வந்து, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பேன். முகம் சுளித்தாலும் கேட்பேன்.