தயாரித்தவர் பெயர்

புள்ளியியல் துறை அலுவலகத்தில் அக்கா இருபத்தாறு வருடம் கண்காணிப்பாளர். பேராசிரியர்கள் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். தேர்வு அறை, விடுப்பு, உடைந்த நாற்காலி, எதற்குப் பட்டியல் வேண்டுமானாலும் அவர் கை படாமல் வெளியே போகாது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. பட்டியல் போடுகிறவர் தன் பெயரை வரிசைக்குள் சேர்ப்பதில்லை, அடியில் 'தயாரித்தவர்' என்று போட்டு அங்கே எழுதுவார். அதுதான் மரியாதையாம். அந்த மரியாதைதான் அக்காவைக் கவிழ்த்தது.

பல்கலைக்கழகம் புள்ளியியலையும் கணினித் துறையையும் கலைத்து, கணினி மற்றும் தரவு அறிவியல் புலம் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தது. புதிய புலத்துக்குப் போகிறவர்கள் பட்டியலை அக்காதான் போட்டார். இயக்குநரில் தொடங்கி நாற்பத்தொரு பேர். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அடியில், வழக்கம்போல, தயாரித்தவர். கணினி வரிசையை மட்டும் விழுங்கிக்கொண்டது, அடியில் இருந்ததை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய துறையையோ மூடியாயிற்று. ஆக, அக்கா அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

புதுக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவில் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று வாரமாக யாராவது கதவைத் திறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். இத்தனை வயதில் திருட்டுப் பூனை மாதிரி! வேலை மட்டும் ஒரு பிடி குறையவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பட்டியலில் ஏறாவிட்டால் பணியிடமே ரத்து என்று தலைமை அலுவலகம் வேறு சொல்லிவிட்டது.

"இல்லாத ஆளுக்கு எதுக்கு சாப்பாட்டு டப்பா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

"இல்லாத ஆளு சமைச்சதைத்தானே உக்காந்து சாப்பிடறீங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இயக்குநர் புதியவர், பேச்சில் தேன் ஒழுகும். "பாத்துக்கலாம்மா, சிஸ்டம்ல ஏதோ சின்ன சிக்கல்" என்பார். மூன்று வாரமாக அதே பாட்டு. வெள்ளிக்கிழமை காலை அவரே அக்காவைத் தேடி வந்தார்.

"அம்மா, திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருது. பத்து வருஷப் பாடத்திட்டக் கோப்பெல்லாம் எடுத்து வச்சிடுங்க."

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"நான்தான் இல்லாதவளாச்சே சார்! இல்லாதவ எப்படி எடுத்து வைப்பா? தரவு அறிவியல்னு வாசல்ல இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கீங்க. கண்ணு முன்னாடி நிக்கிற ஒருத்திய எண்ணத் தெரியலையே!"

"சரிம்மா, சரிம்மா. புதுசா ஒரு பட்டியல் அடிச்சுக் குடுங்க. இப்பவே அனுப்பிடறேன்."

"எங்கேருந்து அடிக்கறது? கம்ப்யூட்டர்ல என் கணக்கையே மூடிட்டாங்க. பழைய பட்டியலும் அதோட போச்சு. நான் வாசிக்கறேன், நீங்களே தட்டுங்க."

இயக்குநர் வேறு வழியின்றி உட்கார்ந்தார். அக்கா வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் பெயராக வாசிக்க, அவர் இரண்டு விரலால் கோழி கொத்துவதுபோலத் தட்டினார். கடைசியாக அக்கா தன் பெயரை உரக்க வாசித்தார். அடியில் 'தயாரித்தவர்' என்ற கட்டம் வந்ததும் இயக்குநர் தன் பெயரைப் போட்டு, அனுப்பப் போனார்.

அக்கா திரையைப் பார்த்தார். நாற்பத்தொரு வரி. போன தடவை தான் இல்லாமலே நாற்பத்தொன்று. அப்படியானால் இப்போது நாற்பத்திரண்டு அல்லவா வரவேண்டும்? சட்டென்று விளங்கிவிட்டது. பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள், இயக்குநர் மட்டும் போடமாட்டார், அவர் பெயரே அதில் கிடையாது.

போகட்டுமே, பட்டால்தானே தெரியும் என்று மனசு குதித்தது. நியாயமாகப் பார்த்தால் அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆனால் தப்பான பட்டியல் ஒன்று தன்னைத் தாண்டி வெளியே போவதை அக்காவால் பொறுக்க முடியாது. பாழாய்ப்போன பழக்கம்!

"நிறுத்துங்க சார். நீங்க அடியில இருக்கீங்க, மேல ஏறுங்க. இல்லேன்னா திங்கட்கிழமை ஆய்வுக்குழு உள்ள இருக்கும், நீங்க கதவுக்கு வெளிய நிப்பீங்க."

இயக்குநர் மறுபடி இரண்டு விரலை நீட்டினார். அக்காவின் பெயருக்குக் கீழே, நாற்பத்திரண்டாவது வரியில், தன் பெயரைத் தட்டினார்.