தலைக்கொரு இரும்புத் தொப்பி

காரின் பின்பெட்டியில் குளிர்ந்து கிடந்த இரும்பு நெற்றியில் பட்டதும் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். பிறகு பழைய தோல்பட்டியும் துருவும் யாரோ ஒருவரின் வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறும். பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய போர்த் தலைக்கவசம் ஒன்றை அப்பா முதன்முதலாக என் தலையில் வைத்த மாரிக்காலத்தை அந்த வாடையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது நாங்கள் மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தகப்பன்மார் கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போக, அப்பா மட்டும் பழஞ்சாமான் சந்தையில் உலகப் போர்க்காலத்து இரும்புத் தொப்பிகளைக் கிளறிக்கொண்டிருப்பார். அகன்ற விளிம்பும் ஆழமில்லாத குழியுமாக பொரிக்கிற சட்டிபோல இருந்த அவற்றை அம்மா "தாச்சி" என்றே சொல்வார். "ஆமிக்குப் பயந்து ஓடிவந்த வீட்டுக்கை ஆமிச் சாமானோ? ஒண்டில் அது இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும்" என்று வாரம் தவறாமல் ஏசுவார்.

சேகரிப்பவர்கள் விளிம்பில் குத்திய முத்திரையையும் ஆண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவும் மாட்டார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த அளவுநாடாவால் எங்கள் தலைகளை அளந்து வைத்திருந்தவர், உள்பட்டி அந்த அளவுக்குப் பொருந்தினால் மட்டும் வாங்குவார். எனக்கொன்று, தம்பிக்கொன்று, அம்மாவுக்கொன்று, தனக்கொன்று. கொண்டுவந்ததும் தலையில் வைத்து, தாடைப்பட்டியை இறுக்கி, "தலையை ஆட்டு பாப்பம்" என்பார். தொப்பி அசையாமல் நின்றால்தான் அவருக்கு நிம்மதி. என் தோழிகளின் அப்பாமார் பனிக்குக் கம்பளித் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். என் அப்பா, குண்டு வந்து விழும் செல்லடிக்கு வாங்கித் தந்தார்.

கடைசியாக வந்தது மட்டும் எங்கள் எவர் தலைக்கும் சேரவில்லை. அப்பாவுக்கே அது புருவத்தை மூடியது. "நாடா பிழைச்சுப்போச்சு" என்று அம்மா கேலி செய்தார். அப்பா அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அதைத்தான், புவாண்ட்-கிளேரிலிருந்து வந்த வெள்ளைக்கார முதியவர் ஒருவர், இந்தச் சேகரிப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர், கேட்டார். இவ்வளவு பெரிய அளவில், உள்பட்டி கெடாமல் கிடைப்பது அரிது என்றும், பதிலுக்குத் தன்னிடம் உள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்பா மறுக்கவும் தெரியாமல், கொடுக்கவும் மனமில்லாமல், தொப்பியை மடியில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் சேராததை ஏன் பொத்திவைச்சிருக்கிறியள்? குடுத்துவிடுங்கோவன்" என்றார் தேநீரோடு வந்த அம்மா.

"குகனுக்குச் சேந்திருக்கும்" என்றார் அப்பா.

குகன் சித்தப்பா அப்பாவின் தம்பி. நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எந்தத் தொப்பியும் பொருந்தாத அவரை வீட்டில் "பானைத்தலையன்" என்று கூப்பிடுவார்களாம். ஊரில் ஒருநாள் செல்லடி ஓய்ந்துவிட்டதென்று நம்பி, பங்கர்க் குழிக்குள்ளிருந்து முதலில் தலையை வெளியே நீட்டியவர் அவர். ஒரு சிறு செல்துண்டு போதுமாயிருந்தது. அவருக்குப் பின்னால் ஏறக் காத்திருந்தவர் அப்பா.

அம்மா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். அப்பாவின் மடியிலிருந்த தொப்பியை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "நோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது எங்கடை குகன்ரை எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை" என்றார். நான் அழுதுகொண்டே சொன்னேன். முதியவர் எழுந்து நின்று தலையசைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு, விளக்குத் துலக்கும் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தொப்பியையும் அம்மா துடைத்து வைத்தார்.

இன்று அப்பா இல்லை. அந்த வாடகை வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். பழஞ்சாமானைத் தொட்டு முகர்ந்து வாங்கிய காலம் போய், கைபேசியில் படம் பார்த்து வாங்குகிறார்கள். பெரிய தொப்பி மட்டும் மொன்ட்ரியால்-நோரில் அம்மாவின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது, என்னைவிட உயர்ந்துவிட்ட என் மகன் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தான். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. தலையை ஆட்டினான்; அசையவில்லை. அம்மா குசினி வாசலில் நின்று அவனையே பார்த்தார்.

"கழட்டு அப்பன்" என்றார். "அதுக்கு ஆள் இருக்கு."