கடைசி ஊர் முதலில் ஏறும்

லோரியில் சாமான் ஏற்றுவது எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடைசியில் போய்ச் சேரும் ஊரின் பெட்டி முதலில் ஏற வேண்டும். முதலில் வரும் ஊரின் பெட்டி கடைசியில் ஏற வேண்டும். எங்கள் வழி ஈப்போவில் தொடங்கி கோப்பெங், கம்பார், தாப்பா என்று போகும். அதனால் தாப்பா பெட்டிகள் உள்ளே, டிரைவர் முதுகுக்குப் பின்னால். கம்பார் நடுவில். கோப்பெங் கதவோரம். இதில் என்ன பெரிய சூட்சுமம் என்பீர்கள். ஒன்றுமே இல்லை. இந்த ஒன்றுமில்லாத விஷயத்துக்காகத்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு பார்சல் டெர்மினலே நின்றுபோனது. அந்தச் சண்டையில் எங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள். நான் தோற்றேன்.

நானும் என் வீட்டுக்காரரும் கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நிரையில் நிற்பதுதான் வழக்கம். அவர் பட்டையைச் சீவிக்கொண்டே போவார். நான் பின்னாலேயே பால் வடியும் கோப்பையைத் துடைத்து வைத்துக்கொண்டு போவேன். எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஈப்போவுக்கு வந்தோம். ஒரு பழைய லோரியை வாங்கி, அந்த டெர்மினலில் ஒப்பந்தத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானும் கூடப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மரம் இருந்த இடத்தில் பெட்டி வந்தது, அவ்வளவுதான். எங்களுக்கு அது அதே நிரை.

அவர் லோரிக்குள் நிற்பார். நான் டெர்மினலின் சாமான் மேடையில் நின்று ஒவ்வொன்றாக நீட்டுவேன். அந்த மனுஷனுக்கு வாயில் எப்போதும் கொழுக்கட்டை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். மற்ற லோரிக்காரர்கள் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, உங்க லோரிக்கு மட்டும் ஊதுறதுக்கு ரெண்டு ஹோனு லா!"

"ஒண்ணு வேல செய்யல தம்பி. அதான் ரெண்டாவத மாட்டியிருக்கு" என்பேன் நான். அவர் உள்ளே பெட்டிக்குப் பின்னால் சிரிப்பது எனக்கு மட்டும் தெரியும்.

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். என் பக்கத்து சீட்டில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்ததால், பழைய சாரோங் கைலியை மடித்துப் போட்டிருந்தேன். கோப்பெங்கில் மருந்துக்கடை தவுக்கேக்கு, அதாவது சீன முதலாளிக்கு, பெட்டியைக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் பால் ஊற்றாத கோப்பி ஓ வாங்குவோம். பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கம்பார் போகும்வரை மாறி மாறி உறிஞ்சுவோம். இரண்டு பக்கமும் ஈயக் குட்டைகள், தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். அவர் ஓட்டுவார், நான் பேசுவேன். அந்த சீட்டு எனக்கு வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை.

பிறகு டெர்மினலுக்குப் புது மேனேஜர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். அப்போது பெட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன, உடைந்துகொண்டும் இருந்தன. எங்கள் ஆட்கள் டெர்மினல் வேலையாட்களைக் கைகாட்டினார்கள், அவர்கள் எங்களைக் கைகாட்டினார்கள். கோலாலம்பூர் தலைமை ஆபீஸிலிருந்து அவரைக் குடைந்திருக்கிறார்கள். அவர் மேடையின் கீழே தரையில் ஒரு மஞ்சள் கோடு போட வைத்தார். லோரிக்காரர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது, சாமானை டெர்மினல் ஆட்களே ஏற்றுவார்கள் என்றார்.

ஏற்றினார்கள், நன்றாக ஏற்றினார்கள்! கைக்கு வந்த பெட்டியை வந்த வரிசையில் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கோப்பெங்கில் கதவைத் திறந்தால் முன்னால் நிற்பது தாப்பா. கோப்பெங் பெட்டி உள்ளே சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பாதி லோரியை ரோட்டோரம் இறக்கி, ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். கம்பாரிலும் அதே கூத்து. ஒரு நாள் செருப்புப் பெட்டிகளை இறக்கி வைத்த நேரம் பார்த்து மழை கொட்டியது. தாப்பா போய்ச் சேருவதற்குள் கடையை அடைத்துவிடுவார்கள். மறுநாள் டெர்மினலில் நாங்கள்தான் திட்டு வாங்குவோம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு காலை மஞ்சள் கோட்டில் நின்றபடியே மேனேஜரைக் கேட்டுவிட்டேன்.

"சார், நீங்க ஒரு நாள் எங்ககூட கோப்பெங் வரைக்கும் வாங்களேன்."

"அம்மா, உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது" என்றார் அவர். "ஒவ்வொரு லோரிக்கும் ஒழுங்கு பார்த்து ஏத்தினால் இஞ்ச சாமான் குவிஞ்சு போகும். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"இங்க குவிஞ்சா மேல கூரை இருக்கு சார். ரோட்டோரம் குவிஞ்சா எங்க தல மட்டும்தான் இருக்கு."

என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

அன்று எதிரே கோப்பிக்கடையில் லோரிக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். நாளையிலிருந்து யாரும் வரக் கூடாது என்று ஒருவர் மேசையைத் தட்டினார். வராவிட்டால் வேறு லோரியைக் கூப்பிட்டுவிடுவான் என்றார் இன்னொருவர். இப்படியே கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தோட்டத்து ஞாபகம் வந்தது. வேலை வாங்கும் மண்டோர் மேல் கோபம் வந்தால் நாங்கள் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டோம். விடியற்காலையில் எல்லோரும் போவோம். பேர் கூப்பிடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். வேலைக்கு வரவில்லை என்று யாரும் எழுத முடியாது. வந்திருக்கிறோம் என்றும் எழுத முடியாது. மண்டோர் அங்குமிங்கும் ஓடுவார்.

"வராம இருக்காதீங்க" என்றேன். "எல்லாரும் வாங்க. நேரத்துக்கு வாங்க. ஆனா லோரியப் பின்னால எடுக்காதீங்க. மூஞ்சிய மேடையில முட்டி நிறுத்துங்க லா. கதவு ரோட்டப் பாத்து இருந்தா எப்படி ஏத்துவான்?"

மேசையைத் தட்டியவரே, "அட, அக்கா!" என்று எழுந்து நின்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கோப்பியைக் குடித்தார். அவர் காது சிவந்திருந்தது. அது பெருமை. எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் லோரிகள் எல்லாம் மேடையில் மூக்கை வைத்து வரிசையாக நின்றன. எங்கள் லோரி நடுவில். அவர்களுடைய சாமான் மேடையில், எங்கள் கதவு ரோட்டுப் பக்கம். நடுவே ஆள் நுழைய இடமில்லை. மேனேஜர் வெளியே வந்து பார்த்தார், உள்ளே போனார், மறுபடி வந்தார். அவர் நடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சில நாள் அப்படியே போனது. பெட்டிகள் மேடையில் இடமில்லாமல் ஆபீஸ் வாசல்வரை அடுக்கப்பட்டன. கடைசியில் அவர் கேட் பக்கம் வந்து எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்.

"சரி. உங்கட சாமானை நீங்களே ஏத்துங்கோ" என்றார். கைதட்டல் அடங்கும்வரை பொறுத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "ஆனா ஒரு லோரிக்கு ஒரு டிரைவர், ஒரு கெலிண்டான். ரெண்டு பேரும் பதிஞ்ச ஆம்பிளையளாய் இருக்கோணும். பொம்பிளையள் மேடையில ஏறி விழுந்தால் காப்புறுதி கிடையாது. ஆர் பதில் சொல்லுறது?"

மேடையில் ஏறும் பெண் அங்கே நான் ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும். கெலிண்டான் என்றால் லோரியில் கூடப் போகும் உதவியாள். அவன் ஏறினால் முன் சீட்டு அவனுக்கு. எனக்கு லோரியிலேயே இடமில்லை.

எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒருவருக்காகத்தான் காத்திருந்தார்கள். "அக்கா, இனிமே வீட்டுல ஜாலியா இருங்க லா" என்றார் மேசையைத் தட்டிய அதே ஆள். அந்த நிமிஷம் அவர் முகத்தில் கோப்பியை ஊற்றியிருப்பேன், கையில் இல்லாமல் போயிற்று.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அவ இல்லாம எப்படி?" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவே இல்லை. நானாவது உரக்கச் சொல்லியிருக்கலாம். என்னிடம் வாய்க்கா பஞ்சம்? ஆனால் அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அந்தக் கேட்டில் நின்றுகொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று என் மனசு கத்தியது. வாயில் வந்தது வேறு.

"போங்க. போய் லோரியத் திருப்புங்க."

அவர் போனார். லோரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி மேடைக்கு முதுகைக் கொடுத்தன. நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அவருடைய மச்சான் முறையில் ஒருவர் கெலிண்டானாக ஏறினார். நல்ல மனுஷர்தான். எனக்குத்தான் அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் வீட்டில் சட்டியை உருட்டினேன். இந்நேரம் கோப்பெங் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் கம்பார் என்று மனசு தானாக ரோட்டில் ஓடும். மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பேன்.

"மருந்துக்கட தவுக்கே என்னைக் கேட்டாரா?"

"ம்."

"என்ன கேட்டாரு?"

"எங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். ஆனால் ஒரு நாள் வரும்போது கையில் கோப்பெங் கோப்பி தொங்கியது. தாப்பா வரை போய்த் திரும்பி வந்ததில் பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. வாசலில் நின்றே முழுவதையும் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததும், கசக்கிறது என்று அவரைத் திட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. லோரியை விற்க ஆள் பார்த்தோம். அதே சமயம் வாடகை வீட்டை விட்டு, ஊரின் மறுபக்கம் ஒரு சின்னச் சொந்த வீட்டுக்கு மாறினோம். கோயிலில் கேட்டு, பால் பொங்க நல்ல நேரம் குறித்து வாங்கியிருந்தேன். காலையில் பிள்ளைகளும் சாமி படமும் மச்சான் காரில் முன்னால் போய்விட்டார்கள். வீட்டுச் சாமானை ஏற்ற நாங்கள் இரண்டு பேர்தான். இடுப்பு வலியோடு அவர் லோரிக்குள் ஏறி நின்றுகொண்டு கையை நீட்டினார். அங்கே மேடையும் இல்லை, கோடும் இல்லை. பீரோ முதலில் ஏறியது, கட்டில் அடுத்தது. பால் சட்டி முதலில் இறங்க வேண்டும் என்பதால் கடைசியில் ஏறியது. அதைக்கூட அவர் உள்ளே வைக்க விடவில்லை. நான் மடியில் வைத்துக்கொண்டேன், கூடவே பால் போத்தலும்.

என் சீட்டில் அந்தச் சாரோங் அப்படியே மடித்தபடி இருந்தது. துவைத்திருந்தார்கள். யார் துவைத்தது என்று நான் கேட்கவில்லை.

புது வீடு பத்து நிமிஷ தூரம். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

"கோப்பெங் வழியா போலாமா?"

அவர் சிக்னலைப் போட்டுத் தெற்கே திருப்பினார்.

கோப்பெங்கில் கோப்பி வாங்கினோம். மருந்துக்கடையில் தவுக்கேயின் மகன் உட்கார்ந்திருந்தான், என்னைத் தெரியவில்லை. இனித் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. பீரோவும் கட்டிலும் பின்னால் கடகடவென்று ஆட, கம்பாரும் போய்விட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, நல்ல நேரம் போயிரும். பிள்ளைங்க வாசல்ல நிக்கும். பால் வேற திரிஞ்சிரும். திருப்புங்க."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் ஏறியிருக்க. அதுக்குள்ள எறக்கிவிடச் சொல்றியா?"

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. தாப்பா வரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

பால் திரிந்துதான் போயிருந்தது. பொழுது சாயும் நேரத்தில், தாப்பாவில் வாங்கிய டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புது வீட்டில் பொங்க வைத்தேன். இதைவிடச் சகுனக்கேடு உண்டா என்று மச்சான் பெண்டாட்டி முணுமுணுத்தாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது மகன் காரில் நெடுஞ்சாலை வழியாகத்தான் போகிறோம், கோப்பெங் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரிவதில்லை. நான் பின் சீட்டில் உட்கார்ந்து, பேசாமல் வருகிறேன்.