தங்கைக்குக் கடை அரிசி

ஒவ்வொரு வருஷமும் போகி அன்று என் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டு போகிறேன். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், ஐந்து கிலோ பச்சரிசி. அரிசி மயிலாப்பூரில் கடையில் வாங்கியது. சைதாப்பேட்டையில் அதை வாங்கிக்கொள்கிறவளோ செங்கல்பட்டுக்கு அப்பால் சொந்த வயலில் தூயமல்லி நெல் விளைவிக்கிறவள். ஒரு அண்ணனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

எங்கள் பக்கத்தில் பெண்கள் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கேட்பதில்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வருஷா வருஷம் வரும் சீரை வாங்கிக்கொள்வார்கள். அப்பா போன பிறகு நானும் பத்திரம் எழுதி, தங்கையைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். வாசல் வரைக்கும் வந்தவள் படியேற மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"சீரும் வேணும்ணா. வயலும் வேணும்."

பேராசைக்காரி என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். சட்டம் அவள் பக்கம் இருந்தது, பாதியைப் பிரித்துக் கொடுத்தேன். என் பாதியை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு மயிலாப்பூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கினேன். அவளையும் விற்கச் சொன்னேன். "ஆஸ்பத்திரியில ட்யூட்டி பார்த்துட்டு, லீவு நாள்ல ரயிலேறிப் போய் விவசாயமா? பைத்தியமா உனக்கு?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடு காத்திருந்தேன்.

அவள் சுட்டுக்கொள்ளவில்லை. அறுவடை முடிந்தால் அரிசி மூட்டை என் ஃப்ளாட்டுக்கே வந்து இறங்கும். எதிர்வீட்டு மாமி என்னைப் பார்த்தால் சௌக்கியமா என்றுகூடக் கேட்பதில்லை. "உங்க தங்கை அரிசி வந்துடுத்தா? எனக்குப் பத்து கிலோ சொல்லி வெச்சிருக்கேன்" என்பாள். கீழே வாட்ச்மேன் ஒருபடி மேலே போவார். "இன்னா சார், தங்கச்சிமா இன்னும் வர்லியா? அந்த அரிசில கஞ்சி வெச்சா சும்மா தேனாட்டம் கீது சார்!" முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கட்டடத்தில் என் பெயர் அரிசிக்காரம்மாவின் அண்ணன்.

போதாக்குறைக்கு என் மனைவி. சாதம் வடிக்கும்போதே "வாசனையைப் பாருங்க" என்பாள். எனக்கு மூக்கடைப்பு என்று சொல்லிவிடுவேன்.

ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது. என் பாதியில் வெள்ளையடித்த கல்லாக நட்டு, நடுவே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. முகப்பில் பெரிய வளைவு, உள்ளே ஒரு வீடு கிடையாது, ஆடு மேய்ந்தது. பக்கத்திலேயே அவள் பாதி கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. நான் பார்த்து வளர்ந்த வயல் எனக்கில்லாமல் அவளுக்கு மட்டும் அப்படியே இருந்தது. வயிறு எரிந்தது. 

போன பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு மனைக் கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வந்தான். ஏரித் தண்ணீர் தங்கை வயலுக்குப் போகும் வாய்க்கால் என் பங்கு வழியாகத்தான் ஓடுகிறது. நான் விற்றபோது அந்தக் கீற்று மட்டும் பத்திரத்தில் சேராமல் என் பெயரிலேயே நின்றுவிட்டது. இப்போது அதை மூடிச் சாலை போட வேண்டுமாம். அதற்கு என் சம்மதக் கடிதம் வேண்டும்.

"தண்ணி இல்லாம எங்க தங்கச்சி என்ன பண்ணுவா?"

"அவங்களும் வித்துருவாங்க சார். வேற வழி?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. எனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லாமல் போகட்டும். மாமி கடையில் அரிசி வாங்கட்டும். கையெழுத்துப் போட்டேன்.

ஆதார் ஜெராக்ஸ் ஒன்று வேண்டும் என்றான். கடிதத்தையும் ஆதாரையும் நானே எடுத்துக்கொண்டு, அவனோடு தெருமுனைக் கடைக்கு நடந்தேன். வேலை முடிந்த சந்தோஷத்தில் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க தங்கச்சிக்கு லக்கு சார். நீங்க அவசரப்பட்டுட்டீங்க. இப்ப அங்க ரேட்டே வேற. உங்களுக்குக் கொடுத்ததுக்கு அஞ்சு மடங்கு கிடைக்கும் அவங்களுக்கு."

"அஞ்சு மடங்கா?"

"கம்மியாவே சொல்றேன் சார்."

காதில் புகை வந்தது. ஐந்து மடங்கு! வயலை வைத்துக்கொண்டும் அவள் ஜெயிப்பாள், விற்றும் அவளே ஜெயிப்பாளா? அதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேனா? ஜெராக்ஸ் மெஷின் முன்னாலேயே கடிதத்தை நாலாகக் கிழித்தேன். "இன்னா சார் இது?" என்று அவன் பதறினான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "எங்கப்பா வெட்டின வாய்க்கால்யா அது! அதை மூட விடுவேனா? சோத்தை எங்கேருந்து தின்னப்போறீங்க எல்லாரும்?" என்று கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கக் கொடுத்தேன்.

போகி அன்று சீரோடு சைதாப்பேட்டைக்குப் போனேன். கதவைத் திறந்த தங்கையின் கண் கலங்கியிருந்தது. அன்று காலையில்தான் அந்த ஆள் அவளுக்கு ஃபோன் பண்ணி, உங்க அண்ணன் மடங்க மாட்டேங்கிறார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க என்றானாம்.

"வாய்க்காலுக்கு உன்கிட்டக் கேக்கப்போறாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. நீ கையெழுத்துப் போட்டுடுவியோன்னு ஒரு வாரமா தூங்கலைண்ணா. உன்னைப் போய் அப்படி நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோ."

"பரவாயில்லை விடு" என்றேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் எனக்கு!

அவள் சீர்த் தட்டை வாங்கி, என் கடை அரிசியை மட்டும் தனியாக எடுத்து, அலம்பி வைத்திருந்த பித்தளைப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். சமையலறை ஓரத்தில் அவள் வயல் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது.

"இதை எதுக்கு அங்க வைக்கிற? புது அரிசிதான் நீயே வெச்சிருக்கியே."

"அது ஊருக்கு. பொங்கலுக்கு வருஷா வருஷம் நீ கொண்டு வர்ற அரிசிதானே போடுவேன்? அண்ணன் அரிசி பொங்கினாத்தாண்ணா எனக்குப் பொங்கல். அதுக்குத்தானே அன்னைக்குச் சீரும் வேணும்னேன்?"

ஒவ்வொரு வருஷமும் கடையில் இருப்பதிலேயே மட்டமான பச்சரிசியைத்தான் கேட்டு வாங்குவேன். வேலைக்காரம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது தூயமல்லி ஒரு மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். வாய்க்காலைக் காப்பாற்றிய அண்ணனுக்காம். வழியெல்லாம் அது என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.