சைலன்சருக்குச் சுற்றிய துணி

போன ஞாயிற்றுக்கிழமை மகன் தன் மோட்டார் சைக்கிளின் சைலன்சருக்கென்று சூடு தாங்கும் நாடா ஒன்றை வாங்கிவந்து வாளித் தண்ணீரில் ஊறவைத்தான். இப்போது அதுதான் ஸ்டைலாம். "சுத்துவமா, விடுவமா அப்பா?" என்று கேட்டான். இன்னும் சுற்றவே இல்லை, அதற்குள் ஈரத்துணி கருகும் மணம் மூக்கில் ஏறிவிட்டது.

யுத்த காலத்தில் நான் துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் சாமான் அறைக் கிளாக்கர். காலையில் என் மோட்டார் சைக்கிளில் மனைவியை ஏற்றிப்போய் ஓர்ஸ் ஹில்லில் அவள் கந்தோரில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அவள் அங்கே தற்காலிகத் தட்டெழுத்தாளர். வழியில் ஒரு சென்றி, படையினர் மறித்துச் சோதிக்கும் இடம். அங்கே இறங்கி, தார்ப் பீப்பாய்களுக்கு இடையால் வண்டியை உருட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்கும் கொட்டில் வலது பக்கம், சைலன்சரும் வலது பக்கம். நான் இடது பக்கம் நின்று உருட்ட, அவள் மற்றப் பக்கத்தால் ஒடுங்கி நடப்பாள். அவளுடைய நைலெக்ஸ் சேலைகள் ஒவ்வொன்றாக அந்தக் குழாயில் ஒட்டி உருகின. கெண்டைக்காலிலும் ஒரு சூட்டுத் தழும்பு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தும்.

கப்பலில் நீராவிக் குழாய்க்குச் சுற்றும் தடித்த துணியில் ஒரு துண்டு கையில் கிடைத்தது. பேனை பிடிக்கிற எனக்கு அன்று பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பு. நனைத்துச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பட்டறையில் ஃபிட்டராக இருந்த கிண்ணியா நஸீர் பார்த்துவிட்டு, "சென்றியில சுத்தின சாமான் ஒண்டையும் உடமாட்டானுகள். கழட்டிப்போட்டுப் போங்க" என்றார்.

"பைப்புதானே, பார்த்தாத் தெரியும்" என்றேன்.

மறுநாள் அவளுக்குத் தட்டெழுத்துச் சோதனை. அதில் தேறினால் வேலை நிரந்தரம். புதுத்துணி முதல் சூட்டில் புகையும் என்பது எனக்குத் தெரியாது. சென்றியை அடையும்போது நன்றாகவே புகைந்தது. கம்பி கட்டிய, புகைகிற ஒரு பொதி. காவலுக்கு நின்றவன் கத்தினான். வரிசையில் நின்ற எல்லாரும் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். என்னைத் தூரத்தில் முழந்தாளில் இருத்தி, கைகளைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். துணியை அவிழ்க்கச் சொன்னது அவளை.

கொதிக்கும் கம்பி முறுக்கை வெறும் விரல்களால் பிரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கம்பியையாவது அவ்வளவு இறுக்காமல் விட்டிருக்கலாம்.

கொப்பளித்த விரல்களோடுதான் போய்ச் சோதனைக்கு இருந்தாள். வேலை வேறொருத்திக்குப் போனது. "பறவாயில்லை, எனக்காகத்தானே செய்தனீங்கள்" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்றி இருந்த வளைவில் இப்போது பீப்பாயும் இல்லை, கொட்டிலும் இல்லை. ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஓர்ஸ் ஹில் கந்தோர்களில் தட்டெழுத்துச் சத்தமும் நின்றுவிட்டது. அவள் விரல்களில் தேடினாலும் அடையாளம் இல்லை. அந்த ஞாயிறு மகன் வாளியருகே காத்து நிற்க, குசினியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்தவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சுத்து தம்பி" என்றாள் மகனிடம். "கம்பியை மட்டும் இறுக்கிக் கட்டாத. கழட்டக்குள்ள கஷ்டம்."