கவர் பிரித்த பேட்டன்

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்னத் தெருவில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல், லேஸ், கொக்கி, ஆரி வேலைக்கு மணிகள். இவற்றோடு நானே வரைந்து, பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து விற்கும் ரவிக்கை பேட்டன்கள். முன்பாகம், முதுகு, கை என்று அளவாக வரைந்த காகிதம்தான் பேட்டன், துணிமேல் வைத்து வெட்டிக்கொள்ளலாம். கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது: ‘கவர் பிரித்த பேட்டன் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.’

அதை நான் சும்மா மாட்டவில்லை. ஆரம்பத்தில் நல்லவளாக இருந்து பார்த்தவள்தான். இன்று வாங்கிப் போவார்கள். வீட்டில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பேட்டனை வைத்து, கோட்டின் மேலேயே பல்சக்கரத்தை ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, அளவு சேரவில்லை என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்கள். ஒரு பேட்டனில் ஒரு தெருவே தைத்துப் போட்டுக்கொள்ளும். சக்கரம் ஓடிய காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். அப்படிப் பிடித்துக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வைகாசியில் ராசிபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், இவள் வீட்டிலேயே மெஷின் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. கேட்காமலேயே எல்லாம் சொன்னாள். முதல் தடவையாக ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ரவிக்கை அவள் கைக்கு வந்திருந்தது. பிரின்சஸ் கட் கேட்டிருக்கிறார்கள், அது இவளுக்கு வெட்டிப் பழக்கமில்லை. முப்பத்தெட்டு சைஸ் ஒன்று வாங்கினாள்.

“இது மட்டும் நல்லா வந்துருச்சுன்னா எங்க வீதியே எங்கிட்டத் துணி குடுக்குமுங்க அக்கா,” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஐந்தாம் நாள் அவள் திரும்பி வந்தபோது கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். “ஏனுங்க அக்கா, இந்த பேட்டன் சின்னதா இருக்குதுங்க,” என்று நீட்டினாள். வாங்கி, விரித்து, விளக்குக்கு நேரே பிடித்தேன். ஓரமெல்லாம் புள்ளிகள்.

“பிரதி எடுத்துட்டு வந்து அளவு சரியில்லன்னா நான் நம்பிருவனா? இதுக்குப் பேரு திருட்டும்மா.” சத்தமாகவே சொன்னேன். கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“இல்லீங்க அக்கா. தெச்சது பத்தலீங்க, அப்பறந்தான் அளவு ரவிக்கைய இதுமேல வெச்சு ஓட்டிப் பாத்தனுங்க. நீங்களே ஒருக்கா டேப்பு வெச்சுப் பாருங்க.”

டேப் என் கழுத்தில்தான் கிடந்தது. நான் அட்டையைக் காட்டினேன். அவள் சுற்றியிருந்தவர்களை ஒரு முறை பார்த்தாள், பிறகு பேட்டனைக் கல்லா மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அதை மேசை டிராயரில் போட்டேன்.

பத்து நாள் கழித்து, பல வருஷமாக என்னிடம் வாங்கும் தையல்காரர் ஒருவர் வந்து அதே முப்பத்தெட்டு சின்னதாக இருக்கிறது என்றார். அவர் சொன்னதும் டேப்பை எடுத்தேன். ஆளைப் பார்த்து எடுத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஒரு பாகத்துக்கு அரை அங்குலம் குறைந்தது. பிரிண்ட் போட்டவர் தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கிவிட்டிருக்கிறார், நான் சரிபார்க்காமல் கவரில் போட்டுவிட்டேன். டிராயரைத் திறந்து அவள் விட்டுப்போனதை எடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் கோட்டின் மேலே இல்லை. கோட்டுக்கு வெளியே, சரியாக அரை அங்குலம் தள்ளி ஓடியிருந்தன. பிரதி எடுத்திருந்தால் கோட்டின் மேல்தானே ஓடும்? இருபது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவளுக்கு இது தெரிய வேண்டாமா! மீதியிருந்த முப்பத்தெட்டுகளை யாருக்கும் சொல்லாமல் கிழித்துப் போட்டேன்.

பில்லில் அவள் எண் இருந்தது. வழி கேட்டுக்கொண்டு ராசிபுரம் போனேன். மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தது. டீ கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டு, சரியான பேட்டன் ஒன்றை நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

அந்த முகூர்த்த ரவிக்கைத் துணி பட்டுப்புடவையோடு சேர்த்து நெய்து வந்தது, மறுபடி கிடைக்காது. பக்கத் தையலைப் பிரித்து விட்டுப் பார்த்திருக்கிறாள். தோளும் உயரமும் குறைந்துபோனதற்கு என்ன செய்ய முடியும்? மணப்பெண் ஏதோ ஒரு ரெடிமேட் ரவிக்கையோடு மணையில் உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஃபால்ஸ் அடிக்கக்கூட ஒரு புடவை வரவில்லை.

“பணமெல்லாம் வேண்டாமுங்க அக்கா. அவங்க ஊடு அடுத்த வீதிதான். நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எங் கை தப்பில்ல, காயிதந்தான் தப்புன்னு. நாஞ் சொன்னா யாரும் நம்பறதில்லீங்க.”

இரண்டு நிமிஷ நடை. ஆனால் ராசிபுரத்தில் பாதித் தையல்காரர்கள் என்னிடம் வாங்குகிறவர்கள். ஓர் ஆளிடம் ஒத்துக்கொண்டால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரியும், கெட்டுப்போன ரவிக்கைகளோடு எத்தனை பேர் பஸ் ஏறி வருவார்களோ! எனக்குப் பயமாக இருந்தது. கடையில் ஆளில்லை, இன்னொரு நாள் கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

“சரிங்க அக்கா, நீங்க வர்றன்னைக்குச் சொல்லுங்க, நானும் கூட வாரேன்,” என்றாள். முழுக்க நம்பித்தான் சொன்னாள். அதற்குள் அவள் கை மெஷின் உறையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தது.

மூன்று மாதமாகிறது. நேற்று மத்தியானமும் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கடையில் ஒருவரும் இல்லை. மணி அடித்து ஓயும் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.