செவட்டைக்கு மூன்று இலை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு மலையேறினேன். கூலிக்குத் திராட்சைக் கொடியின் பழைய கிளைகளை நறுக்கி, கவாத்து வெட்டினேன். பிறகு ஊரார் பந்தலில் வெட்டிய அதே கத்திரியோடு என் சொந்தப் பந்தலுக்குள் நுழைந்தேன். கம்பத்திலிருந்து சுருளிப் பக்கம் போகிற வழியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என் தோட்டத்தைக் கைகாட்டி விடுவார்கள். கல்லுக்கால்கள் நூல் பிடித்த மாதிரி நிற்கும். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

இத்தனை பெருமைக்கும் நடுவில், சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கவாத்துக்குப் பிறகு, தெற்குப் பக்க வரிசைகளில் இலை சிவக்க ஆரம்பித்தது. முதலில் ஓரம் சிவந்தது, பிறகு நடு, பிறகு கொடியே கூலிக்கு வந்தவனைப் போலச் சோர்ந்து நின்றது. பிஞ்சு பட்டாணி அளவுக்கு வருவதற்குள் உதிர்ந்தது.

என் மனைவி பந்தலுக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நிலம் அவள் பேரில் இருக்கிறது. வாங்கும்போது ராசி பார்த்து நான்தான் அவள் பேரில் எழுதினேன். அந்த ராசி இப்போது எனக்கு எதிராகவே பேசியது.

"இந்தாருங்க, இந்தக் கொடி ஒங்களுக்குப் பிள்ளையா இருக்கலாம். எனக்கு இல்ல. அடுத்த கவாத்துக்குள்ள தெளியலேன்னா ஜேசிபியக் கூப்புட்டு மொத்தத்தையும் பிடுங்கிட்டு வாழையப் போட்டுருவேன்."

"வாழையா? திராட்சைக்காரன்னு பேரெடுத்தவன் வாழைக்காரன்னு ஆகணுமாக்கும்."

"பேர வச்சு என்னத்த ஆயுறது. செவட்டை விழுந்த கொடிய வச்சுக் கும்பிடவா முடியும்?"

செவட்டை என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை இலை சிவந்தாலும் செவட்டை, பழுத்தாலும் செவட்டை, கருகினாலும் செவட்டை. மச்சான் கல்யாண வீட்டில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட, 'என்ன மாப்ளே, செவட்டை அடிச்ச மாதிரி இருக்கீக' என்று கேட்பார்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தலைமுறையாக வெள்ளாமை பார்த்தோம். விஞ்ஞானம் வந்து அந்த ஒரு சொல்லை நாலாகப் பிரித்து, நாலு அறையில் வைத்துப் பூட்டிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் போன் போட்டேன். நமக்கு எல்லாத் துறையிலும் ஆள் உண்டு. பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மண் பார்க்கும் சாரைக் கூப்பிட்டு, "சார், செவட்டை விழுந்துருச்சு" என்றேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை. "பொட்டாஷ் பத்தலைங்கய்யா" என்றார். பிறகு இரண்டு மூன்று தடவை மண்ணைக் கொடுத்தனுப்பியும் அதையேதான் சொன்னார். போட்டேன். அதே நிலையத்தில் பயிர்நோய் பார்க்கும் சாருக்கு நாலு இலையைக் கொடுத்தனுப்பி, அதே சொல்லைச் சொன்னேன். "பூஞ்சாணம். உடனே அடிங்க" என்றார். அடித்தேன். பூச்சித் துறையில் இருந்த அம்மாவிடமும் சொன்னேன். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. "செஞ்சிலந்தியா இருக்கும் ஐயா, இலைக்கு அடியில பாருங்க" என்றது. என் கண்ணுக்கு இலைக்கு அடியில் இலைதான் தெரிந்தது. ஆனாலும் அடித்தேன்.

இவர்கள் மூன்று பேரையும் ஒன்று சேர்த்தவன் எங்கள் ஊர் உரமருந்துக் கடைக்காரன்தான். அவர்கள் சொன்னதை நான் எழுதி வைத்திருந்த மூன்று சீட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குண்ணே தனித்தனியா அலையிறீக, மொத்தத்தையும் ஒரே டேங்க்ல ஊத்தி அடிங்க" என்றான். படித்தவர்கள் செய்ய முடியாத ஒற்றுமையை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் செய்து காட்டினான். எங்கள் ஊரில் இப்போது டீக்கடையைவிட மருந்துக்கடை அதிகம். டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு மருந்தைப் பற்றித்தான். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட நுண்ணூட்டம் என்ற வார்த்தை தெரியும். இத்தனை அறிவும் பெருகி, கடைசியில் நாங்கள் விளைவித்த பழத்தை நாங்களே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பயந்து பயந்து தின்கிறோம். இதற்குப் பேர் முன்னேற்றம் என்று வானொலியில் சொன்னார்கள்.

டேங்க் காலியானது. செவட்டை போகவில்லை. வடக்குப் பக்க வரிசையிலும் இரண்டு கொடி சிவந்தது. மனைவி ஜேசிபிக்காரனின் நம்பரை யாரிடமோ வாங்கித் தன் போனில் பதிந்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வேலை செய்தால் அது மற்றவர்கள் மூளையைப் போல அரைகுறையாகச் செய்யாது. எங்கள் தோட்டத்து மூலையில் கருப்பசாமி இருக்கிறார். அவருக்குக் கெடா வெட்டு என்று சொல்லி, மண் சாரையும், நோய் சாரையும், பூச்சி அம்மாவையும் தனித்தனியாக அழைத்தேன். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. ஆராய்ச்சிக் கூட்டம் என்று கூப்பிட்டிருந்தால் மேலிடத்தில் அனுமதி கேட்பார்கள். கறிச்சோற்றுக்கு எந்த மேலிடமும் குறுக்கே வராது.

மூன்று பேரும் வந்தார்கள். பந்தலடியில் பாய் விரித்து மூன்று இலை போட்டிருந்தது. ஒருவரையொருவர் பார்த்ததும் திருட்டு ரயிலில் மாட்டிக்கொண்ட மாதிரி முழித்தார்கள்.

"நீங்க எப்படி சார் இங்க?" என்றார் மண் சார்.

"ஐயா கூப்பிட்டார். நீங்க?" என்றார் நோய் சார்.

"உங்க ரூமுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல ஒரு செவுருதான சார்," என்று சிரித்தது பூச்சி அம்மா. "இந்தத் தோட்டத்தைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்களும் சொல்லலையேம்மா," என்றார் நோய் சார்.

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். "ஒரே கட்டடம், ஒரே டீக்காரன், ஒரே ஜன்னல். ஆனா மூணு பேரும் ஒரே கொடிக்கு மூணு வைத்தியம் சொல்லி விட்ருக்கீக. கொடிக்குக் காது இருந்தா செத்துப் போயிருக்கும். நல்லவேளை இல்ல. சாப்டுங்க."

மூன்று பேருக்கும் முகம் சிவந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

கறி உள்ளே போனதும் பேச்சு வெளியே வந்தது. நோய் சார் மயில்துத்தம் என்கிற நீல உப்பின் கதையைச் சொன்னார். சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்து நாங்கள் காலங்காலமாகத் திராட்சைக்கு அடிக்கிறோம். அதைக் கண்டுபிடித்தது யாரோ ஒரு மேதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெளிநாட்டில் ரோட்டோரத் தோட்டக்காரர்கள், போகிறவன் வருகிறவனெல்லாம் பழத்தைப் பறிக்கிறானே என்று, பார்க்க விஷம் மாதிரி இருக்கட்டும் என நீலமாகப் பூசி வைத்தார்களாம். ரோட்டோரக் கொடிகள் மட்டும் நோயில்லாமல் நின்றனவாம். அந்த வழியாகப் போன ஒரு படித்தவர் அதைக் கவனித்தாராம்.

"அப்பச் சரி, விஞ்ஞானத்த வளத்தது களவாணிப்பயதான்னு சொல்லுங்க," என்றேன்.

"கவனிச்சவரையும் சேத்துக்குங்க ஐயா," என்றார் அவர்.

"சேத்துக்கிறேன். ஆனா அவரு ரோட்டுல நடந்தாரு. நீங்க ரூம விட்டு வெளியில வர்றதுக்கு ஒரு கெடா தேவப்பட்டுச்சு."

மண் சாருக்கு இது பொறுக்கவில்லை. தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க இலையை விட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு, மண் எடுக்கிற குழாய்க் கருவியை வண்டியிலிருந்து கொண்டுவந்து தெற்கு வரிசையில் குத்தினார். மண் வந்தது. அதை ஒரு தாளில் பரப்பி, கல்லையும் வேரையும் பொறுக்கித் தூர எறிந்தார். மண்ணில் வேர் கலந்தால் பரிசோதனை கெட்டுப்போகும், அது அவர் படித்த முறை. நான் கொடுத்த மண்ணிலும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் வேரைப் பொறுக்கி எறிந்திருக்கிறார்.

எறிந்த வேர் பூச்சி அம்மாவின் காலருகே விழுந்தது. அந்தப் பிள்ளை எடுத்துப் பார்த்தது. வெளிச்சத்தில் பிடித்தது. வேர் நெடுகிலும் ஏலக்காய் விதை அளவுக்கு முடிச்சு முடிச்சாக இருந்தது.

"சார், இதப் பாருங்க," என்றது நோய் சாரிடம்.

அவர் பார்த்தார். "எனக்கு இலையத்தானே குடுத்துவிட்டாக," என்றார். அவரும் சாப்பிட்ட கறியில் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

"நூற்புழு, ஐயா," என்றது பூச்சி அம்மா என்னிடம். "கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள போய் உக்காந்துக்கிட்டுச் சாப்பிடும்."

"அப்பச் சரி தாயி. புழுன்னா ஒன் துறைதான. மருந்தச் சொல்லு."

அந்தப் பிள்ளை தயங்கியது. "புழுதான் ஐயா. ஆனா பூச்சி இல்ல. அது எங்க துறைக்குள்ள வராது. அதுக்குன்னு தனியா ஒருத்தர் இருந்தார். மாத்தலாகிப் போயிட்டார். இன்னும் ஆள் போடல."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இன்னொரு கெடா வெட்டியிருப்பேன். என் வேருக்குள் உட்கார்ந்து தின்கிற புழுவுக்குத் துறை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் ஆள் இல்லை. ஆள் வருகிறவரைக்கும் புழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மனைவி கறிச்சட்டியோடு வந்து நின்றாள். "என்ன, முடிவு தெரிஞ்சுச்சா? நான் வாழைக் கட்டைக்குச் சொல்லி விடவா?"

"வாழை வேண்டாம்மா," என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இதே புழு வாழை வேரையும் விடாது, கொடியைப் பிடுங்கிவிட்டு வாழையை வைத்தால் புழுவுக்குப் பந்தியை மாற்றிப் போட்ட மாதிரிதான் என்று பூச்சி அம்மா விளக்கியது.

மனைவி சட்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் செவட்டை அடித்ததை நான் பார்த்தேன். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. கொடிக்கு வழி இன்னும் பிறக்கவில்லையே.

"துறை இல்லாட்டியும் பரவால்ல," என்றேன். "மூணு பேரும் தெரிஞ்சதச் சொல்லுங்க. தப்பாப் போனா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதற்கப்புறம் பாய் மேலேயே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். புழு வேரைத் துளைத்தது. துளைத்த வேர் பொட்டாஷை மேலே அனுப்பவில்லை. ஆகவே மண் சார் சொன்னது பொய் இல்லை, நான் போட்ட பொட்டாஷ் வீட்டு வாசல்வரை வந்து கதவு திறக்காமல் நின்றிருக்கிறது. சத்தில்லாத இலையில் பூஞ்சாணம் ஏறியது. ஆகவே நோய் சார் சொன்னதும் பொய் இல்லை. செஞ்சிலந்தி மட்டும் இல்லை. அதைப் பூச்சி அம்மாவே ஒத்துக்கொண்டது. மற்ற இரண்டு பேரும் அவரவர் வரப்புக்குள் நின்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நோய் மட்டும் வரப்புத் தாண்டி நடந்திருக்கிறது.

வரிசைக்கு இடையில் செண்டுமல்லி நடச் சொன்னார்கள். அதன் வேர் இந்தப் புழுவுக்கு ஆகாதாம். பூ நட்டவனின் அடுத்த வெள்ளாமை நன்றாக வருவதைப் பார்த்துத்தான் அதையும் கண்டுபிடித்தார்களாம். தொழுஉரத்தில் புழுவைத் தின்கிற ஏதோ பூஞ்சாணத்தைக் கலந்து வைக்கச் சொன்னார் நோய் சார். இத்தனை நாள் பூஞ்சாணத்தைக் கொல்லச் சொன்னவர், இப்போது வளர்க்கச் சொன்னார். "நீங்களாச்சும் ஒரு பக்கம் நில்லுங்க சார்" என்றேன். "இது வேற பூஞ்சாணம் ஐயா" என்றார். மனுஷரிலும் அப்படித்தானே, நல்லவனும் கெட்டவனும் ஒரே சாதிக்குள் இருக்கிறார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

ஆனால் தெற்கு வரிசைகளைப் பற்றிக் கேட்டபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண் சார்தான் சொன்னார். "அது பொழைக்காது ஐயா. விட்டா இங்கிட்டும் வரும். எடுத்துருங்க."

என் கையால் கட்டிய கொடிகள் அவை. அதற்கு நான் எந்தக் கிண்டலும் சொல்லவில்லை.

செண்டுமல்லி நட்டோம். தெற்கு வரிசைகளை எடுக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. அது பூக்கிறவரைக்கும் நான் இலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. டீக்கடைக்குப் போனால், 'என்னண்ணே, பூ யாவாரத்துக்கு எறங்கிட்டீகளா' என்று கேட்டார்கள். பெரிய பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, உங்களுக்குச் சொன்னால் விளங்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். வடக்குப் பக்கம் சிவந்த இரண்டு கொடியும் அதற்கு மேல் சிவக்கவில்லை. பச்சையாகவும் ஆகவில்லை. மனைவி தினமும் போய் அந்த இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

கவாத்து நாள் வந்தது. சொன்ன சொல் மாறாதவள். காலையிலேயே ஜேசிபி வாசலில் நின்றது. நான் கத்திரியை எடுத்துக்கொண்டு வடக்கு வரிசைக்குப் போனேன். சிவந்து நின்ற கொடிகளில் ஒன்றைக் கவாத்து வெட்டும் இடத்தில் நறுக்கினேன். வெட்டுவாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. செத்த கொடி அப்படி அழாது. வேர் வேலை செய்தால்தான் அந்தத் தண்ணீர் மேலே வரும். இதை எனக்கு எந்தத் துறையும் சொல்லித் தரவில்லை, கூலிக்கு வெட்டிய காலத்திலேயே தெரியும்.

நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து விரலை வைத்துப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தெற்குப் பக்கம் போய் வரிசை முடிகிற இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டினாள்.

"ஏலே தம்பி," என்றாள் வண்டிக்காரனிடம், "இந்தக் கயித்துக்கு அங்கிட்டு உள்ளத மட்டும் எடு. இங்கிட்டு ஒஞ் சக்கரம் பட்டுச்சு, வண்டிய இங்கனயே பொதச்சுருவேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.